மீனம்மா சொன்ன எழுபத்தொரு பேர்

தர்மபுரத்தில் மலையகத்துச் சனத்தின் வீடுகளில் கல்யாணப் பேச்சு எடுத்தால், முதலில் மீனம்மாவிடம்தான் ஒரு ஆள் வரும். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முறை சரியா என்று கேட்பதற்கு. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டு, வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் அவர்கள். வந்தபோது மீனம்மாவுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தை அதிகம் கண்டதில்லை, கையெழுத்து மட்டும் போடுவாள். ஆனால் தோட்டத்து வீட்டு வரிசைகளான லயங்களில், எந்த லயத்தில் எந்தக் காம்பரா அறையில் யார் இருந்தார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், யார் யாரைக் கட்டினார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அவளுடைய கணவன் மூக்கன் அவளுக்குத் தாய்மாமன் மகன். கடலையும் மிளகாயும் போடுகிற முக்கால் ஏக்கர் மேட்டுக்காணி, ஒரு கிணறு, ஒரு மகள் என்று வாழ்ந்தார்கள். மூக்கனுக்குச் சின்ன வயதிலிருந்தே வயிற்று நோவு. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிற்றைக் கட்டிப்பிடித்து, நெற்றி முழங்காலில் முட்டும்படி குனிந்து உட்கார்ந்துவிடுவான். முப்பது வயதில் சீனி வருத்தம் என்கிற நீரிழிவும் சேர்ந்துகொண்டது. தொண்ணூற்றொன்பதில் கண் மஞ்சளாகி, உடம்பு வற்றி, மூன்றே மாதத்தில் போய்விட்டான். அப்போது அவனுக்கு நாற்பத்தொரு வயது. சதையியில், அதாவது கணையத்தில், கட்டி என்றார்கள் ஆஸ்பத்திரியில். இரைப்பைக்குப் பின்னால் அப்படியொரு உறுப்பு கிடக்கிறது என்பதை மீனம்மா அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம், மகள் சுமித்திராவும் தகப்பனைப் போலவே குனிந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, அங்கிருந்த வைத்தியர் பிள்ளையின் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, "மரவள்ளிக் கிழங்கு கனக்கச் சாப்பிட்டவாவோ?" என்று கேட்டார். அவர் ஏதோ பழைய பாடப்புத்தகத்தில் படித்ததை வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டும் விட்டார்.

அந்தக் கேள்வி மீனம்மாவை விட்டுப் போகவில்லை. தொண்ணூற்றாறிலும் ஏழிலும் போர்த் தடையால் மாவும் சீனியும் வன்னிக்குள் வராமல் இருந்த காலத்தில், காணியில் விளைந்த மரவள்ளியைத்தான் அவள் மூன்று நேரமும் அவித்துக் கொடுத்தாள். காலையில் அவித்த கிழங்கு, மத்தியானம் கிழங்குக் கறி, இரவில் கிழங்கு மாவில் பிட்டு. புருஷனுக்கும் பிள்ளைக்கும் ஊட்டி ஊட்டி நானே நோயைக் கொடுத்துவிட்டேன் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. கிளினிக்கிலிருந்து வந்த அன்றே மண்வெட்டியை எடுத்து, காணியிலிருந்த மரவள்ளி முழுவதையும் தோண்டி வேலிக்கு வெளியே எறிந்தாள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

போர்நிறுத்தம் வந்து பாதை திறந்த பிறகு, இரண்டாயிரத்து மூன்றில், மகளை வவுனியாவுக்குக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுக்க முடிந்தது. படத்தைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் காட்டியபோது, வைத்தியர் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முதுகெலும்புக்குக் குறுக்கே, கைதவறிச் சிந்திய குறுணி அரிசிபோல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"சதையிக்குள்ள கல்லு" என்றார் அவர். "இந்த வருத்தத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யிற ஒருத்தர் கொழும்பில இருந்து வாறா. உங்களோட கதைக்க விருப்பமாம். வரச் சொல்லட்டோ?"

"வரட்டுங்க" என்றாள் மீனம்மா. உள்ளுக்குள் பயமாக இருந்தது. வருகிறவளும் மரவள்ளியைப் பற்றித்தான் கேட்கப்போகிறாள் என்று நினைத்தாள்.

ஆனி மாதக் காற்றில் வீதிப் புழுதி முழுவதையும் தலையில் வாங்கிக்கொண்டு, ஒரு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினாள் ஹாலிதா. முப்பத்தாறு வயதிருக்கும். தலையை மூடிய வெள்ளைத் துணி செம்மண் நிறமாகியிருந்தது. முல்லைத்தீவில் பிறந்தவள். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேறச் சொன்னபோது, வாப்பா உம்மாவோடு புத்தளத்துக்குப் போனவள். அங்கே அகதி முகாமிலிருந்து படித்து, பிறப்புரிமையியல் என்கிற மரபியலில் பட்டம் எடுத்து, வெளிநாட்டில் மேற்படிப்பும் முடித்துவிட்டு, இப்போது கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் இருந்தாள். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு வன்னி மண்ணை மிதிக்கிறாள். இதையெல்லாம் அவள் மூன்றாம் நாள்தான் சொன்னாள். முதல் நாள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, கதிரை வேண்டாம் என்று பாயிலேயே உட்கார்ந்தாள்.

"மீனம்மாக்கா, நான் வைத்தியம் பாக்கிற டொக்டர் இல்லை. அதை முதல்லயே சொல்லிப்போடுறன். பிள்ளை வயித்தில உருவாகிற நேரம் இந்தச் சதையி எப்பிடி உண்டாகுது, பிறகு சில பேருக்கு ஏன் அதில புற்றுநோய் வருது, இதைத்தான் நான் படிக்கிறன். லாபில எலிக்குஞ்சுகளை வச்சுப் பாக்கிறனான்."

"எலிக்கும் சதையி இருக்காங்க?"

"ஓம், இருக்கு. மனுசருக்கு மாதிரியேதான். ஆனால் எலி தன்ர பூட்டன் கதையைச் சொல்லாதே. அதுக்குத்தான் உங்களிட்ட வந்தனான்."

சுமித்திரா சிரித்துவிட்டாள். மீனம்மாவுக்கும் சிரிப்பு வந்தது.

ஹாலிதா ஒரு பெரிய தாளை விரித்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் கண்டவர்களுக்கு உள்ளே கறுப்பு. பெயர் எழுதுவதில்லை, நம்பர் மட்டும். மீனம்மா சொல்லச் சொல்ல ஹாலிதா கீறினாள். ஒரு தாள் போதவில்லை, இன்னொன்றை ஒட்டினாள். அதுவும் போதவில்லை. மூன்று நாள் அந்த வேலை நடந்தது. மீனம்மா காலையில் கடலைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து உட்காருவாள். இரண்டாம் நாளே அவளுக்குச் சதுரமும் வட்டமும் பிடிபட்டுவிட்டது. விரலை வைத்து, "இங்கன ஒரு பொம்பளப்புள்ள விட்டுப்போச்சுங்க. பொறந்து ஆறு மாசத்துல தவறிருச்சு. அதையும் போடுங்க" என்பாள். ஹாலிதா போடுவாள். கடைசியில் எண்ணிப் பார்த்தபோது எழுபத்தொரு பேர். அதில் ஒன்பது பேர் கறுப்பு.

ஒவ்வொரு கறுப்புக்கும் சில கேள்விகள் இருந்தன. எத்தனை வயதில் நோவு வந்தது, சீனி இருந்ததா, குடித்தாரா, சுருட்டுப் பிடித்தாரா. கடைசிக் கேள்வி, மரவள்ளி சாப்பிட்டாரா. மூக்கனுக்கு அந்தக் கேள்வி வந்தபோது மீனம்மா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா" என்றாள்.

பிறகு மூக்கனின் பெரியத்தை அழகாயியின் வட்டம் வந்தது. அவள் மீனம்மாவின் தாய்க்கும் அக்கா. அறுபத்தோராம் ஆண்டு தோட்டத்திலேயே செத்துப்போனவள்.

"முப்பத்திநாலு வயசுங்க. குனிஞ்சே கெடந்து செத்தாங்கன்னு எங்கம்மா சொல்லும்."

"மரவள்ளி சாப்பிடுறவாவோ?"

"அங்க ஏதுங்க மரவள்ளி? அந்தக் குளிருக்கு அது வெளையாதே. மூணு நேரமும் கோதும ரொட்டியும் சம்பலும்..."

மீனம்மா நிறுத்திவிட்டாள். தாளைப் பார்த்தாள். அழகாயிக்கு மேலே தாத்தாவின் சதுரம், அதுவும் கறுப்பு. அழகாயிக்குப் பக்கத்தில் மாமனாரின் சதுரம். மாமனாருக்கு நோவு வந்தது தோட்டத்தில், வன்னிக்கு வருவதற்குப் பத்து வருடம் முந்தி. எல்லாரும் ரொட்டி தின்றவர்கள்.

அவள் எழுந்து கிணற்றடிக்குப் போனாள். இரண்டு வாளி தண்ணீர் அள்ளி, எதற்கு என்று தெரியாமல் வாழைக்கு ஊற்றினாள்.

"எனக்குக் கிழங்கு அவிச்சுத் தந்துதான் வருத்தம் வந்தது எண்டு அம்மா நினைச்சுக்கொண்டிருக்கிறா, மிஸ்" என்றாள் சுமித்திரா மெதுவாக. "எனக்குச் சொல்லுறேல்ல. ஆனா எனக்குத் தெரியும்."

மீனம்மா திரும்பி வந்து உட்கார்ந்ததும் ஹாலிதா சொன்னாள்: "அக்கா, இப்பவே ஒண்டும் அறுதியாச் சொல்லேலாது. ரத்தம் பாத்தாப் பிறகு சொல்லுறன். ஆனா ஒண்டைக் கேக்கிறன். அந்தக் கிழங்கை உங்கட வீட்டாக்கள் மட்டுமோ சாப்பிட்டவை?"

"ஊரே சாப்பிட்டுச்சுங்க. யாழ்ப்பாணத்துல இருந்து ஓடிவந்த சனத்துக்கும் நாங்கதான் குடுத்தோம்."

"அவைக்கு இந்த வருத்தம் வந்ததோ?"

மீனம்மா இல்லையென்று தலையை ஆட்டினாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாள் என்று சுமித்திரா பிறகு சொன்னாள்.

ரத்தம் எடுக்க உறவுக்காரர்களைச் சேர்த்துத் தந்தவளும் மீனம்மாதான். மாங்குளம், முறிகண்டி, வவுனியா என்று பஸ்ஸில் அலைந்து பதினான்கு பேரைச் சம்மதிக்க வைத்தாள். பதினைந்தாவது ஆள் மூக்கனின் தம்பி சன்னாசி. மாங்குளத்தில் வீதியோரம் டயர் ஒட்டுகிற கடை வைத்திருந்தான். அவனுக்கும் இடைக்கிடை நோவு வரும். வெற்றிலையை அடக்கிக்கொண்டு சமாளிப்பான்.

"ஊசி போட்டு ஒரு சொட்டு ரத்தம் எடுப்பாங்க, அவ்வளவுதான். பேரு போடமாட்டாங்க தம்பி. நம்பருதான்" என்றாள் மீனம்மா.

சன்னாசி கையிலிருந்த ட்யூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னான்: "மதினி, எம் மகளுக்கு இப்பத்தான் ஒரு எடம் பேசிவருது. எங்க குடும்பத்துல வயித்துல கல்லு, கான்சருன்னு ஒரு பேச்சுக் கெளம்பினா அவ்வளவுதான். முறை கேட்டு உங்ககிட்டத்தான் வருவாங்க. நீங்க வாயத் தொறந்தா சொல்லித்தானே ஆகணும்?"

மீனம்மாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆனால் அவன் சொன்னதில் பிழை இருப்பதாக அவளுக்குப் படவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள். ஹாலிதாவிடம் வந்து, "அவன் வரமாட்டான். அந்தக் கட்டத்த என்னா செய்வீங்க?" என்று கேட்டாள்.

"ஒண்டும் செய்யமாட்டன். கேள்விக்குறி போட்டு விடுவன். விருப்பமில்லாத ஆளிட்ட எடுக்கக் கூடாது அக்கா."

பதினான்கு குழாய்களையும் ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு ஹாலிதா கிளம்பினாள். வழியில் இராணுவம், போராளிகள் என இரண்டு பக்கத்துச் சோதனைச் சாவடியிலும் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். இரண்டு இடத்திலும் ஒரே விளக்கத்தைச் சொன்னேன், இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி விழித்தார்கள் என்று பிறகு எழுதிய கடிதத்தில் இருந்தது. சுமித்திரா அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள்.

முடிவு வர இரண்டு வருடம் ஆனது. இடையில் சுனாமி வந்தது. ஹாலிதா பிறந்த கடற்கரையும் அழிந்தது. அவள் ஒரு மாதம் ஆராய்ச்சியை விட்டுவிட்டு முல்லைத்தீவில் நின்று நிவாரண வேலை செய்தாள். இரண்டாயிரத்து ஐந்து ஆவணியில் ஒருநாள் தர்மபுரத்துக்கு வந்து, அதே பாயில் உட்கார்ந்தாள்.

"சதையி ஒரு தண்ணியைச் சுரக்கும் அக்கா. இறைச்சி, கொழுப்பு எல்லாத்தையும் கரைக்கிற தண்ணி. அது குடலுக்குப் போன பிறகுதான் வேலை செய்யவேணும். உள்ளுக்கேயே வேலை செய்தால் சதையியையே அரிச்சுப்போடும். அப்பிடி நடக்காமல் தடுக்கிறதுக்கெண்டு உடம்பு ஒரு பொருளைச் செய்து வச்சிருக்கு. அதை எப்பிடிச் செய்யிறதெண்டு தாயிட்ட இருந்து ஒரு குறிப்பு வரும், தகப்பனிட்ட இருந்து ஒரு குறிப்பு வரும். உங்கட குடும்பத்தில அந்தக் குறிப்பில ஒரு எழுத்துப் பிழை."

"ஒரு எழுத்தா?"

"ஒரே ஒரு எழுத்து. அதால அந்தத் தடுப்புச் சரியா வேலை செய்யேல்ல எண்டு நினைக்கிறம். வருசக் கணக்கா அரிச்சு அரிச்சு, கல்லுக் கட்டி, சீனி வந்து, சில பேருக்குக் கடைசியில புற்றுநோயும் வருது. கருவில சதையி வளந்து முடிஞ்ச உடன, 'காணும், இனி வேண்டாம்' எண்டு ஒரு கட்டளை வந்து வளர்ச்சி நிக்கும். புண்பட்டு ஆறி, புண்பட்டு ஆறி இருக்கிற இடத்தில அந்தக் கட்டளை அழிஞ்சு போகுது. அது எப்பிடி அழியுதெண்டுதான் நான் தேடுறன். இன்னும் பிடிபடேல்ல."

மீனம்மா கேட்டாள்: "அப்ப மரவள்ளி?"

"மரவள்ளிக்கு ஒரு பங்கும் இல்லையெண்டு சத்தியம் பண்ணமாட்டன். இந்தப் பிழை இருந்தும் நோய் வராத ஆக்களும் இருக்கினம். ஆனா உங்கட கிழங்குதான் காரணம் எண்டு ஆரும் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டன்." ஹாலிதா கொஞ்சம் தயங்கினாள். "இன்னொண்டும் இருக்கு அக்கா. மறைக்க எனக்கு மனமில்லை. சுமித்திராவுக்கு அந்தப் பிழை ரெண்டு பக்கத்தாலயும் வந்திருக்கு. நீங்கள் சொந்தத்துக்குள்ள கட்டினதால. ஒண்டு தகப்பன்ர. மற்றது உங்கட."

குசினிக்குள் அரிசி களைந்துகொண்டிருந்த சுமித்திராவின் கை நின்றது.

மீனம்மா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். நாலு வருடம் சுமந்ததை இறக்கி வைத்த கையில் வேறொன்றைத் தூக்கி வைத்தது போலிருந்தது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "எனக்கு நோவு வரலயே?"

"உங்களிட்ட ஒண்டுதான் இருக்கு. பெரும்பாலும் ஒண்டு இருந்தால் வராது."

"எனக்குத் தெரிஞ்சிருந்தா மட்டும் புள்ளய பெக்காமலா இருந்திருப்பேன்?" என்றாள் மீனம்மா, யாரிடமோ கேட்பதுபோல. பிறகு குரலை மாற்றி, "ரெண்டு பக்கத்தால வந்தாலும் மருந்து ஒண்ணுதானே?" என்றாள்.

"ஒண்டுதான். இன்சுலின் ஊசி, சாப்பாட்டோட விழுங்கிற குளிசை. கொழுப்புக் குறைக்கவேணும்."

"அப்ப சரி. சோறு ஆவுது, சாப்பிட்டுப் போங்க."

அன்றைக்கு மீனம்மா ஒரு விஷயத்தை நன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் நாற்பது தாண்டிய யாராவது திடீரென்று மெலிந்தால், முதுகுக்கு நோவு ஏறினால், கண் மஞ்சளானால், ஒரு கிழமைகூடத் தாமதிக்காமல் ஸ்கான் எடுக்கவேண்டும் என்பது அது. ஐந்து மாதம் கழித்து, மாங்குளத்திலிருந்து வந்த ஒரு பெண், சன்னாசியின் காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை என்று போகிற போக்கில் சிரித்துச் சொன்னாள். மீனம்மா சிரிக்கவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் மாங்குளம் போனாள்.

சன்னாசி கடை வாசலில் பெஞ்சில் சாய்ந்திருந்தான். மகளுக்குப் போன வருடமே கல்யாணம் முடிந்திருந்தது. அவன் இமையை மீனம்மா தன் விரலால் விலக்கிக் கண்ணின் வெள்ளையைப் பார்த்தாள். மஞ்சள் ஏறியிருந்தது.

"ரத்தம் கேட்டு வந்தீங்களா மதினி?"

"ரத்தமும் வேணாம் ஒண்ணும் வேணாம். சட்டைய மாத்திக்கிட்டு எந்திரி. வவுனியாவுக்குப் போறோம்."

"கடைய யாரு பாக்குறது?"

"உங்கண்ணனுக்கு நான் மூணு மாசம் கஷாயம் வச்சிக் குடுத்தேன். உனக்கு வைக்கமாட்டேன். எந்திரி."

அவன் எழுந்தான். வவுனியாவில் ஸ்கான் எடுத்து, அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். ஹாலிதா தெரிந்த வைத்தியர்களைப் பிடித்து நாள் வாங்கிக் கொடுத்தாள். சதையியின் தலைப்பக்கத்தில் கட்டி. பரவ முந்தியே கண்டதால் வெட்டி எடுக்க முடிந்தது. இந்த நோயில் அது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்றார்கள். ஒப்பரேஷன் முடிந்த நாலாம் நாள், படுக்கையிலிருந்தபடியே சன்னாசி ஹாலிதாவைக் கூப்பிட்டு வலது கையை நீட்டினான்.

"எடுத்துக்கோங்க டொக்டர். அந்தக் கேள்விக்குறிய அழிச்சிருங்க. மக வயித்துல புள்ள இருக்கு. அதுக்காவது ஒதவும்."

சித்திரையில் மாங்குளத்துக்குத் திரும்பி வந்தவன், பேரப்பிள்ளையைப் பார்த்தான். இன்னும் பத்து மாதம் இருந்தான். கடை வாசலில் உட்கார்ந்து, வேறு ஆள் டயர் ஒட்டுவதைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தான். அடுத்த மாசியில் நோய் திரும்ப வந்து அவனைக் கொண்டுபோனது. மூக்கனைப் போல அலறிக்கொண்டு போகவில்லை. நோவுக்கு மருந்து கைவசம் இருந்தது.

அதற்குள் போர் மறுபடி தொடங்கி, பாதை மூடிவிட்டது. ஹாலிதாவின் கடிதங்களும் நின்றன. மீனம்மா மகளின் இன்சுலினை ஈர மணல் நிரப்பிய சட்டிக்குள் புதைத்து வைத்துக் காப்பாற்றினாள். குளிசை முடிந்த பிறகு, சுமித்திரா எண்ணெய் கண்ணில் காட்டாமல் சாப்பிடப் பழகிக்கொண்டாள். பிறகு தர்மபுரத்தையும் விட்டுக் கிளம்ப வேண்டி வந்தது. அந்த மாதங்களைப் பற்றி மீனம்மா யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. கடைசியில், வவுனியாவில் முள்வேலி போட்ட முகாமில், ஒரு கூடாரத்தில் தாயும் மகளும் இருந்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பது புரட்டாதியில் ஒரு மருத்துவக் குழுவோடு ஹாலிதா அந்த முகாமுக்குள் வந்தாள். கூடாரம் கூடாரமாக விசாரித்துக் கண்டுபிடித்தாள். கட்டிப்பிடித்து அழுகை ஓய்ந்த பிறகு, மீனம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்த வேல முடிஞ்சிச்சாங்க?" என்பதுதான்.

"இல்லை அக்கா. ஒரு பங்குதான் பிடிபட்டிருக்கு. சன்னாசியண்ணன்ர கட்டியில, வளரச் சொல்லுற கருக் காலத்துக் கட்டளை ஒண்டு திரும்ப முழிச்சிருந்தது. அது ஏன் முழிச்சதெண்டு இன்னும் தெரியாது."

"அப்ப எழுதிக்கோங்க" என்றாள் மீனம்மா. வரிசையாகச் சொன்னாள். இன்னாருடைய மகன், மாத்தளனில், செல் குண்டு விழுந்து. இன்னாருடைய மருமகள், பொக்கணையில். பிள்ளையோடு. பதினொரு பேர்.

ஹாலிதாவின் பேனா நடுவில் நின்றுவிட்டது. "இதை இப்ப எழுதவேணுமோ அக்கா?"

"எழுதுங்க. இல்லாட்டி, இவங்களும் நோவுலதான் போனாங்கன்னு நாளக்கி எண்ணிருவீங்க. கணக்குப் பெழச்சிரும்."

ஹாலிதா எழுதினாள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில், வேறு காரணம் என்று போட்டாள். மீனம்மா சொன்னது சரியா என்று பார்க்க, ஒருமுறை முழுவதையும் திருப்பி வாசிக்கவும் செய்தாள்.

அப்போது தண்ணீர் வரிசையிலிருந்து சுமித்திரா வந்தாள். இருபத்தொரு வயதுப் பெண். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஹாலிதா கொண்டுவந்த குளிசைப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எத்தனை கிலோ இருக்கிறாய் என்று ஹாலிதா கேட்டாள்.

"நாப்பத்திமூண்டு மிஸ். போன மாசத்தைவிட ரெண்டு கிலோ கூடிட்டுது" என்றாள் சுமித்திரா.